பந்துக்குள் கத்திரிப்பூ

“இதுக்குள்ள பட்டு எதுனா இருக்குதாம்மா?”

மகாவீரன் ஏலவார்குழலியை அப்படிக் கேட்டது இரண்டு வருஷத்துக்கு முன்னால். அவள் தைத்து முடித்து நீட்டிய பந்தை அவன் உடனே வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, படிக்கு வெளியே நின்றபடி கேட்டான். திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பத்துப் பையன். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற வீடு. பூச்சியைக் கொதிநீரில் போட்டு எடுக்கிற நூல் என்பதால் அவன் வீட்டில் பட்டைத் தொடமாட்டார்கள். தோலுக்கும் அதே கதிதான்.

குழலி இல்லையென்று தலையாட்டினாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து வெளியாள் முன்னால் அவளுக்கு நாக்கு எழும்பாது.

“பருத்திதாண்டா டேய்! எங்க வூட்டுப் பட்ட உனக்கு யாரு குடுப்பாங்க?” என்று உள்ளே தறியிலிருந்து அவள் அண்ணன் குமாரவேல் கத்தினான்.

அன்று அது உண்மை. மகாவீரன் சிரித்துக்கொண்டே பந்தை வாங்கிப்போனான். அதற்கப்புறம் எத்தனையோ பந்து வாங்கியிருக்கிறான், ஒருநாளும் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டதில்லை.

பிள்ளையார்பாளையத்துக்குப் பேஸ்பால் வந்ததே ஒரு வேடிக்கை. கோழிப்பண்ணை வைக்கச் சொல்லிக்கொடுக்க ஓர் அமெரிக்கப் பையன் ஜில்லாவுக்கு வந்திருந்தான். பெயர் என்னவோ வாயில் நுழையவில்லை, ஊர் அவனைக் கோழி தொரை என்றது. கோழி யாரும் வளர்க்கவில்லை. சாயங்காலத்தில் அவன் கட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனபோது மட்டும் பின்னாலேயே ஒரு கூட்டம் போயிற்று. அரக்கோணத்து ரயில்வே பையன்களுக்கும் அவனே சொல்லிக்கொடுத்தான். நாலு மூலையில் நாலு சாக்கு. பந்தை அடித்துவிட்டு ஒவ்வொரு சாக்காக மிதித்துச் சுற்றிவந்து, புறப்பட்ட இடத்துச் சாக்கை மிதித்தால் ஓர் ஓட்டம். மிதிக்கும் முன்னால் பந்தால் தொட்டுவிட்டால் ஆள் காலி. தொட்டவன் அந்தப் பந்தைத் தலைக்கு மேலே தூக்கி நடுவருக்குக் காட்டவேண்டும், காட்டாவிட்டால் தொட்டது செல்லாது. அது கோழி தொரையின் கண்டிப்பு. அவன் ஊருக்குத் திரும்பிப்போன பிறகும் இரண்டு ஊரிலும் அதைக் கைவிடவில்லை.

அவன் விட்டுப்போன நிஜப் பந்துகளில் ஒன்று சர்வதீர்த்தக் குளத்தில் முழுகியது. இன்னொன்றை ஒரு நாய் கொண்டுபோயிற்று. அதிலிருந்து குழலிதான் பந்து செய்கிறாள். நடுவில் சைக்கிள் டியூப் துண்டுகளைச் சுருட்டி, மேலே பருத்தி நூலை இறுக்கிச் சுற்றி, கித்தானில் இரண்டு துண்டு வெட்டி மேலுறை தைப்பாள். நாள் முழுக்கத் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற கை அது, இழை தளராது. மகாவீரனுக்குத் தோல் உறை ஆகாது என்று கோணியும் பழம்புடவையும் வைத்து ஒரு கையுறையும் தைத்துக் கொடுத்தாள். அவன்தான் ஓட்டம் முடிகிற கடைசிச் சாக்கைக் காக்கிறவன். குமாரவேல் பந்து எறிகிறவன். தறியில் குறுக்கு நூல் ஓட்டுகிற நாடாவை எறிந்து பழகிய மணிக்கட்டு, பந்து எங்கே திரும்பும் என்று ஆடுபவனுக்குத் தெரியாது. தேர்ச்சக்கரத்துக்குக் கட்டை போடுகிற வீரபாகு தூரத்தில் நிற்பான். அவன் அங்கிருந்து பந்தை விட்டெறிந்தால் குறி தப்பியதில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன தை மாசம் அரக்கோணத்துக்காரன் ஒருவன் குழலியின் பந்தை அமுக்கிப் பார்க்கிற வரைக்கும்.

“இன்னாப்பா இது, பந்தா இட்லியா? ரெண்டு அடிக்கே தொளதொளன்னு ஆயிடுச்சு. தொட்டுக்க சட்னி எங்க?”

குமாரவேலுக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. மறு ஆட்டத்துக்கு நாள் குறித்ததும் தங்கையிடம் வந்தான்.

“கொழலி, இந்தத் தபா பட்டுல சுத்து. பட்டு தான் கெட்டியா நிக்கும்.”

“எந்தப் பட்டு?”

அவன் கண் தறிமேல் தொங்கிய துணிப்பைக்குப் போயிற்று. முதலாளி காசிநாதன் பட்டை எடை போட்டுத்தான் தறிக்குக் கொடுப்பார். புடவையும் எடைக்குத்தான் திரும்பிப் போகும். தறியில் அறுந்ததும் வெட்டியதுமான கழிவு இழைகூட அவருடையதுதான், அதையும் பையில் சேர்த்துப் புடவையோடு கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். இந்தத் தடவை கத்திரிப்பூ நிறம். ஒரே ஒரு கல்யாண வீட்டுக்காக அவரே நின்று சாயம் போட்டு வாங்கியது. காஞ்சிபுரத்தில் வேறு எந்தத் தறியிலும் அந்த நிறம் இல்லை.

“அண்ணா, வேணாம். முனுசாமி மாமாக்கு இன்னா ஆச்சு, பாத்த இல்ல?”

முனுசாமி அடுத்த தெரு. பொங்கலுக்கு முன்னால் அவர் தறியில் ஒரு பிடி பட்டு குறைந்தது. காசிநாதன் கத்தவில்லை, திட்டவில்லை. ஆளை அனுப்பினார். பாதி நெய்த புடவையோடு, தறியில் பூட்டிய பாவு நூலையும் அறுத்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வெறுந்தறியை வைத்துக்கொண்டு முனுசாமி உட்கார்ந்திருக்கிறார், வேறு எந்த முதலாளியும் அவருக்குப் பாவு தரமாட்டேன் என்கிறார்கள்.

“அவரு வித்துத் தின்னாரு. நாம இன்னா விக்கவா போறோம்? ஆட்டம் முடிஞ்சதும் பிரிச்சுப் பையில போட்டுட்டா பட்டு பட்டா தானே இருக்கப்போவுது? ஒரு பொழுது எரவல். மேல நாலு சுத்து பருத்தி சுத்திடு, எவனுக்குத் தெரியும்?”

சுற்றிய நூலைப் பிரித்துவிடலாம் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதுதான் அவளையும் ஏமாற்றியது. அப்பா கோயிலுக்குப் போன நேரத்தில் அறுந்த இழைகளை முடிச்சுப்போட்டுச் சுற்றினாள். சுற்றச் சுற்ற உருண்டை கல்லாக இறுகியது. மகாவீரனின் முகம் நடுவில் ஒருமுறை வந்துபோயிற்று. அவன் எங்கே கேட்கப்போகிறான் என்று நினைத்தாள். அந்த நினைப்பே அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

ஆட்டம் ஓரிக்கைக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரை மேட்டில். பங்குனி வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இருப்பது ஒரே பந்து என்பதால் குழலியும் ஊசியும் நூலுமாக வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் கைமாறும் போதெல்லாம் பந்து அவளிடம் வரும், தையல் விட்டிருந்தால் இழுத்துக் கட்டுவாள். அரக்கோணத்துக்காரன் பந்தை வாங்கி அமுக்கினான். சிரிப்பு வரவில்லை அவனுக்கு. குமாரவேல் தங்கையைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அப்போது மேட்டோரத்தில் ஒரு கார் வந்து நின்றது. வெள்ளை வேட்டி, தோளில் சரிகைத் துண்டு. காசிநாதன்.

“கோப்பை குடுக்க மொதலாளிய நான்தான் கூப்புட்டேன்” என்று நடுவர் அப்பாதுரை பெருமையாகச் சொன்னார். அவர் பஸ் கண்டக்டர், விசில் சொந்தமாக இருந்ததால் நடுவரானவர். ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து வேப்பமர நிழலில் போட்டார். குழலிக்கு இரண்டு முழம் பின்னால்.

குமாரவேலின் முகத்தில் ரத்தம் இல்லை. ஆட்டத்தை நிறுத்த முடியாது. வேறு பந்தும் கிடையாது.

முதல் சுற்றுகள் எப்படிப் போயின என்று அவளுக்குத் தெரியாது. பந்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்து திரும்பிவந்தபோது ஓர் இடத்தில் தையல் அறுந்து பருத்தி பிசிறியிருந்தது. தைத்தாள். அடுத்த தடவை பிசிறுக்கு நடுவே மயிரிழையாக ஓர் ஊதா. எச்சில் தொட்டு உள்ளே தள்ளி, இழுத்து முடிச்சுப் போட்டாள்.

“யாரு, குமாரவேலு தங்கச்சியா நீ?” பின்னாலிருந்து குரல். “பொம்பளப் புள்ளைக்கு ஆட்டத்துல இன்னாமா வேல?”

“அதுதாங்க பந்துக்கு டாக்டரு” என்றான் தண்ணீர் குடிக்க வந்த வீரபாகு. “அது இல்லன்னா நாங்க கல்ல வெச்சு தான் ஆடணும்.”

காசிநாதன் சிரித்தார். “இப்படிக் குடு பாக்கலாம்.”

கொடுத்தாள். கொடுக்காமல் என்ன செய்வது? தராசு இல்லாமலே கையில் ஏந்திப் பட்டின் எடையைச் சொல்லிவிடுகிற மனிதர். பந்தை ஒருமுறை தூக்கிப்போட்டுப் பிடித்தார். மறுபடியும் போட்டுப் பிடித்தார்.

“பருத்தியா? கனமா இருக்குதே.”

குழலி அண்ணனைப் பார்த்தாள்.

“நடுவுல டியூப்பு வெச்சிருக்குது மொதலாளி!” குமாரவேல் மைதானத்தின் நடுவிலிருந்தே கத்தினான். ஓடிவந்து, பல்லைக் காட்டிக்கொண்டு கையை நீட்டினான். “குடுங்க, டயமாவுது.”

“நல்லாத்தான் சுத்தியிருக்குது. உங்கப்பன் கையி” என்று சொல்லிக் காசிநாதன் பந்தைக் கொடுத்தார். குழலி ஊசியில் அடுத்த நூலைக் கோர்த்தாள்.

கடைசிச் சுற்று. நாணயம் சுண்டியதில் பிள்ளையார்பாளையம் முதலில் ஆடி முடித்திருந்தது, ஓர் ஓட்டம் கூடுதல். இப்போது அரக்கோணத்தின் முறை. இரண்டாம் சாக்கில் ஒருவன், மூன்றாம் சாக்கில் ஒருவன். இன்னும் ஓர் ஆள் காலியானால் கோப்பை பிள்ளையார்பாளையத்துக்கு.

“டேய் இட்லி! கட்டையத் தூக்கத் தெரியுமா உனக்கு?” என்று வீரபாகு தூரத்திலிருந்து கூவினான்.

குமாரவேல் எறிந்தான். அரக்கோணத்துக்காரன் முழு உடம்பையும் திருப்பி அடித்தான். அந்தச் சத்தமே வேறாக இருந்தது, துணி கிழிகிற சத்தம் அதற்குள் கேட்டது. குழலி எழுந்துவிட்டாள்.

பந்து வீரபாகுவைத் தாண்டி உருண்டது. அவன் துரத்தி எடுப்பதற்குள் மூன்றாம் சாக்கில் நின்றவன் வந்து மிதித்துவிட்டான். சமம். இரண்டாம் சாக்கில் இருந்தவனும் மூலை திரும்பி ஓடிவந்தான்.

“எறிடா! எறிடா பாகு!”

வீரபாகு எறிந்தான். பந்து வெயிலில் நீளமாக வந்தது. அதற்குப் பின்னால் ஏதோ மெல்லியதாகப் பறந்துவந்தது. மகாவீரன் சாக்கின் மேல் முழங்காலை ஊன்றி, கோணிக் கையுறையை விரித்து, நெஞ்சுக்கு நேரே வாங்கினான். ஓடிவருகிறவன் இன்னும் நாலு எட்டு தள்ளி இருந்தான். குனிந்து தொட்டால் போதும், தூக்கிக் காட்டினால் போதும்.

மகாவீரன் பந்தைப் பார்த்தான்.

மேலுறை வாய் பிளந்திருந்தது. பருத்தி கழன்று, உள்ளேயிருந்து கத்திரிப்பூ நிறம் பிதுங்கி, அணைத்துப் பிடித்த அவன் வலது கட்டைவிரல் மேல் வழிந்திருந்தது. நெசவுத் தெருவில் நடந்து வளர்ந்தவன், சாய்ந்த வெயிலில் அது மின்னுவது என்னவென்று அவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. நிமிர்ந்தான். நேரே குழலியைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. அந்தப் பழைய கேள்விதான் இருந்தது. பிறகு அவன் பார்வை அவளைத் தாண்டி, நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்ட காசிநாதனிடம் போயிற்று. முனுசாமியின் கதை ஊருக்கே தெரியும்.

இடது கை கையுறையை வலது கையால் மூடினான். வயிற்றோடு சேர்த்து அணைத்துக் குனிந்துகொண்டான். அரக்கோணத்துக்காரன் அவன் தோளை இடித்துக்கொண்டு வந்து சாக்கை மிதித்தான்.

அப்பாதுரை பக்கத்தில் வந்து நின்றார். “பந்தக் காட்டுப்பா! தொட்டியா இல்லியா? தூக்கிக் காட்டு!”

மகாவீரன் தலையை ஆட்டினான், இல்லையென்று.

விசில் நீளமாக ஒலித்தது. அரக்கோணத்துப் பையன்கள் குதித்தார்கள். “இட்லி! இட்லி!” என்று கைதட்டிக்கொண்டு சுற்றினார்கள்.

குமாரவேல் ஓடிவந்தான். “கைலதானடா இருந்துது! தூங்கினியா? தொடறதுக்கு இன்னா கேடு உனக்கு? மூணு மாசமா நாயா பாடுபட்டு…” கையுறையைப் பிடுங்க நீட்டிய கை நின்றது. மகாவீரனின் கட்டைவிரலைச் சுற்றி ஓர் ஊதா இழை. குமாரவேல் சட்டென்று முதலாளிக்கும் மகாவீரனுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டான்.

“இன்னாப்பா, பந்து கிழிஞ்சு போச்சா?” என்று காசிநாதன் எழுந்து வேட்டியைத் தட்டினார்.

“ஆமாங்க மொதலாளி. பழைய கித்தானு” என்றான் குமாரவேல்.

“எங்க, பாக்கலாம்.”

காசிநாதன் ஓர் அடி எடுத்து வைத்தார். அதற்குள் அப்பாதுரை கோப்பையோடு வந்து, “மொதலாளி, பொழுது போவுது, கடைசி வண்டிக்கு அவங்க போவணும்” என்று வழியை மறித்தார். காசிநாதன் ஒரு கணம் மகாவீரனின் குனிந்த முதுகையே பார்த்தார். பிறகு திரும்பிக் கோப்பையை வாங்கிக்கொண்டு அரக்கோணத்துக் கூட்டத்தை நோக்கி நடந்தார்.

எல்லோர் முதுகும் அந்தப் பக்கம் திரும்பிய பிறகுதான் மகாவீரன் வேப்பமரத்தடிக்கு வந்தான். கையுறையை ஒரு பொட்டலம்போல மடித்திருந்தான், வெளியே ஓர் இழையும் தெரியவில்லை. விரலில் சுற்றியிருந்ததையும் பொறுமையாகப் பிரித்து, அறுந்துவிடாமல், உள்ளே வைத்து மூடினான். குழலியின் தையல் பை தரையில் திறந்து கிடந்தது. குனிந்து அதற்குள் வைத்தான், பட்டோடு கையுறையையும்.

“பருத்தின்னு…” என்று அவள் ஆரம்பித்தாள். இரண்டு வருஷத்தில் அவனிடம் அவள் பேசிய முதல் சொல் அது.

அவன் காத்திருந்தான். பிறகு வலது கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு பாலாற்றுப் பக்கம் இறங்கினான். மணலில் ஊறிக்கிடந்த ஊற்றோரம் உட்கார்ந்து மண் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினான். எழுந்து, ஆட்டக்காரர்கள் நின்ற பக்கமும் திரும்பாமல், வரப்போடு ஊருக்கு நடந்தான்.