பிச்சுமணி சார் சாப்பிட்ட திவசம்

இறந்த பிறகு பிச்சுமணி சார் அமெரிக்காவில் பிளசன்டனிலிருந்த மகன் வீட்டுக்கு ஐந்து வருஷம் தொடர்ந்து வந்தார். ஐந்து வருஷமும் சாப்பிடாமலே திரும்பிப் போனார். 1992இல் முதல் திவசத்தன்று, மருமகள் ராஜலக்ஷ்மி இலை போட்டுக்கொண்டிருந்தபோது, பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்து டைனிங் டேபிளின் மூலை நாற்காலியில் உட்கார்ந்தார். கடல்மேல் நடந்தே வந்ததில் வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. கார்ப்பெட் பாழாகுமே என்று மறுவருஷத்திலிருந்து அவள் பழைய துண்டொன்றை வாசலில் போட்டு வைத்தாள். சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்தாமல் அவருக்குத் தலையை ஆட்டினார். சார் இலையைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், எழுந்து போய்விடுவார். "அப்பாவுக்கு அங்கேயே நன்னா போடறா போலிருக்கு" என்று மகன் நஞ்சுண்டன் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு 680 ஃப்ரீவேயைப் பிடித்து ஆபீசுக்குப் போய்விடுவான்.

ராஜலக்ஷ்மிக்குத்தான் சமாதானமாகவில்லை. விசிட்டர் விசாவில் வந்து அவர் தங்கியிருந்த கடைசி மாதம் சர்க்கரை முந்நூறைத் தாண்டிவிட்டது. உருளைக்கிழங்கைக் கண்ணிலேயே காட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாரோ தினமும் அதைத்தான் கேட்டார். கராஜில் பத்துப் பவுண்டு மூட்டையை வைத்துக்கொண்டு, "கடைல ஸ்டாக் இல்லைப்பா" என்று கூசாமல் சொன்னாள். அமெரிக்காவில் உருளைக்கிழங்கு கிடைக்கவில்லையாம்! முப்பத்திரண்டு வருஷம் கும்பகோணத்தில் சரித்திரம் கற்பித்த மனுஷர் தலையாட்டினார், பிறகு கேட்கவேயில்லை. அடுத்த வியாழக்கிழமை காலமாகிவிட்டார்.

திவசத்திலாவது போடலாமென்றால் அதற்கும் வழியில்லை. வார நாட்களில் மில்பிடாஸில் சாஃப்ட்வேர் டெஸ்ட் பண்ணுகிற சாஸ்திரிகள் இந்த விஷயத்தில் கறார். "வெள்ளைக்காரன் கப்பல்ல வந்தது எதுவும் இலைல விழப்படாது மாமி. உருளை, தக்காளி, மிளகாய் எல்லாம் அவுட்." ஆகவே வாழைக்காயும் பாகற்காயும் மிளகு ரசமும்தான். பிரண்டைப் பொடி சென்னையிலிருந்து விமானத்தில் வந்தது, விமானத்துக்குத் தடையில்லை.

1997இல் அவர் மறுபடி எழுந்தபோது ராஜலக்ஷ்மியால் தாங்க முடியவில்லை. வழியை மறித்து நின்று அழுதாள். "பொய் சொன்னேம்ப்பா. திட்டிட்டாவது போங்கோ."

சார் ரசத்தை நோக்கி விரல் நீட்டினார். குரல் அப்படியே வகுப்பறைக் குரல். "மிளகு இருக்கு. இதுக்காகத்தான் வெள்ளைக்காரன் கப்பல் ஏறினான். அது காரணம். அப்புறம் நாட்டைப் பிடிச்சான், நம்ம ஜனங்களைக் கப்பல்ல ஏத்தித் தோட்ட வேலைக்கு அனுப்பினான். அத்தனை அக்கிரமத்துலயும் வாய்க்கு ருசியா நமக்கு மிஞ்சினது அந்தக் கிழங்கு. பத்து மார்க் கேள்விக்குப் பாதி எழுதினா நான் எப்படிம்மா மார்க் போடறது? விளைவு எங்கே?"

எல்லோரும் சாஸ்திரிகளைப் பார்த்தார்கள். அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே நின்ற தன் டொயோட்டாவைப் பார்த்தார். "கடல் தாண்டி வந்து நாம திவசம் பண்றதே இடிக்கறதுதான். நீங்க வதக்குங்கோ மாமி, நான் கண்ணை மூடிக்கறேன்."

இருபது நிமிஷத்தில், மிளகாய் போடாமல் மிளகுப்பொடி தூவி முறுகலாக வதக்கி எடுத்துவந்தாள். சார் மூன்று தரம் போட்டுக்கொண்டார். "மூட்டையை அன்னிக்கே பார்த்தேன். நீ என்னைக் காப்பாத்தப் பார்க்கறேன்னு தெரிஞ்சுது, அதான் கேக்கலை" என்றார். ஆறு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கி, ராஜலக்ஷ்மி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாலாவது தரமும் போட்டாள்.

மறுவருஷம் அவர் தன் அப்பாவையும் தாத்தாவையும் அழைத்து வந்தார். மந்திரத்தில் கூப்பிடுவது மூன்று தலைமுறையைத்தான் என்பதால் யாரும் ஆச்சரியப்படவில்லை. நஞ்சுண்டன் இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டான். கடல் தாண்டி லண்டனுக்குப் படிக்கப் போன சொந்தத் தம்பி மகனை ஜாதியைவிட்டே தள்ளிவைத்தவர் அந்தத் தாத்தா. கடல்நீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்து, வதக்கிய உருளைக்கிழங்கில் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து வாயில் போட்டார். வெகுநேரம் மென்றார்.

"இது எங்கேர்ந்து வந்தது?"

"கப்பல்ல வந்தது தாத்தா" என்றாள் ராஜலக்ஷ்மி. இந்தத் தடவை அவள் பொய் சொல்லவில்லை.

அவர் இலையில் இடம் ஒதுக்கினார். "இன்னும் கொஞ்சம் போடு."