ஏழாம் அறையின் குழாய்

ஏழாம் அறைதான் வேண்டும் என்று மூன்று வாரத்துக்கு முன்பே போனில் இரண்டு தடவை சொல்லியிருந்தான். இப்போது ஹோட்டல் மேனேஜர் எட்டாம் அறைச் சாவியை நீட்டினார்.

"நான் கேட்டது ஏழு."

"ஏழு இப்ப யாருக்கும் தர்றதில்ல சார். எட்டு அதைவிட வசதி. ஒரு தளபதி பத்து நாள் தங்கின ரூம்."

"தளபதி தங்கினா எனக்கென்ன? தர்றேன்னு சொன்னீங்களா இல்லையா?"

"போன் எடுத்தது புதுப் பொண்ணு சார். விவரம் பத்தல."

அவன் பெட்டியைத் தொப்பென்று வைத்தான். காலையிலிருந்து மூன்று ரயில் மாறி வந்திருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன், கல்யாணமான கையோடு, அவனும் மனைவியும் தங்கிய அறை அது. அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது. அந்தக் கட்டிலில் ஒரு ராத்திரி படுக்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான். அதற்கும் வழியில்லை.

"பார்க்கவாவது விடுவீங்களா?"

"தாராளமா."

மாடியில் கதவுக்குக் கதவு பித்தளைத் தகடு. விஞ்ஞானி, நாடக நடிகை, நாடு கடத்தப்பட்ட மந்திரி. நூறு வருஷத்துக்கு மேலாக இங்கே குறட்டை விட்ட பெரிய மனிதர்கள். அவர்கள் வந்த அன்றைக்கு ஏழாம் கதவு மட்டும் மொட்டையாக இருந்தது. "பாவம் இந்த ரூம், ஒருத்தர்கூட எட்டிப் பாக்கல" என்று அவள் கதவைத் தட்டிக்கொடுத்தாள்.

இப்போது அதிலும் தகடு. அவள் பெயர். கீழே, 'புகழ்பெற்ற நாவலாசிரியை'.

பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவள்.

உள்ளே கட்டிலைச் சுற்றிச் சிவப்புக் கயிறு. சுவரில் ரெஜிஸ்டரின் ஒரு பக்கம், கண்ணாடிச் சட்டத்துக்குள். தொழில்: எழுத்தாளர், பதினெட்டு நாவல்கள். உடன் வந்தவர்: பெட்டி தூக்குபவர். கருத்து: இந்தக் குழாய் சொட்டும் சத்தத்தில்தான் என் பத்தொன்பதாவது நாவல் பிறந்தது.

'ழ'வின் வால் அடுத்த வரிவரை தொங்கியது. அவள் எழுத்தேதான். கிளம்பும்போது கவுண்ட்டரில் நின்று சிரித்துக்கொண்டே என்னவோ எழுதினாள். என்ன என்று அவன் கேட்கவில்லை. டாக்ஸி போய்விடும் என்று கத்தினான்.

"முதலாளி வருஷக் கடைசியில ரெஜிஸ்டரை வரி விடாம படிப்பார்" என்றார் மேனேஜர். "தொழில் கட்டத்துல பெரிய ஆள் சிக்கினா உடனே தகடு."

"விசாரிக்க மாட்டீங்களா?"

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "விசாரிக்க ஆரம்பிச்சா மத்த ரூமெல்லாம் என்ன ஆகறது சார்?"

குளியலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"அதையாவது சரி பண்ணக் கூடாதா?"

"ஐயையோ! வாஷர் மாத்த வந்த பிளம்பரையே துரத்திட்டோம்."

"இவங்க நாவல் ஏதாவது படிச்சிருக்கீங்களா?"

"ரெண்டு படிச்சேன் சார். கடைசி அத்தியாயத்துல கண்ணு கலங்கிடுச்சு."

அவனுக்குத் தலை வலித்தது.

"கூட வந்தவர்?"

"யாரோ வேலையாள். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே திரிஞ்சானாம், பழைய மேனேஜர் சொல்வார். அந்தம்மா எப்படித்தான் சமாளிச்சாங்களோ."

போதும் என்றிருந்தது. என் பெண்டாட்டி ஐயா, விளையாட்டுக்கு எழுதினாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் கயிறு அவிழும். கட்டில் கிடைக்கும். நாளைக்கே ஸ்க்ரூ டிரைவரும் வரும். தகட்டில் நான்கு ஸ்க்ரூதான். இரண்டு நிமிஷ வேலை.

வாயைத் திறந்தான்.

"சொல்லுங்க சார்."

"எட்டு சாவியைக் குடுங்க."

மறுநாள் காலை கண் சிவந்து இறங்கி வந்தான். எட்டாம் அறைச் சுவர் அட்டை மாதிரி. விடிய விடியச் சொட்டு.

"தூங்கினீங்களா சார்?"

"எங்க தூங்க விட்டுது?"

மேனேஜர் அசடு வழிந்தபடி ரெஜிஸ்டரைத் தள்ளினார். அவன் பெயரை எழுதினான். தொழில் கட்டத்தில் சற்று நின்று, 'பெட்டி தூக்குபவர்' என்று எழுதினான்.

தலைகீழாகவே படித்துவிட்டார் மேனேஜர். முகம் வெளுத்தது. "சார்... அது நீங்களா? நேத்து நான் ஏதோ..."

"உள்ளதைத்தானே சொன்னீங்க."

"அம்மா மறுபடி எப்ப வருவாங்க சார்? அடுத்த நாவல்..."

"முதல்ல அந்தக் குழாய்ல எவனும் கை வைக்காம பாத்துக்குங்க" என்று எரிந்து விழுந்துவிட்டு, பெட்டியைத் தூக்கினான்.