டிவிக்கு வைத்த பொட்டு

இலவசம் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், என் வீட்டுக்காரர் துளசிராமுக்கு முகம் மலர்ந்துவிடும். இத்தனைக்கும் அவர் வியாபாரி. மதுரை மஹாலுக்குப் பின்னால் தம்பி உமேஷோடு சேர்ந்து சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் பார்க்கிறார். தன் கடையில் ஒரு கைக்குட்டையைக்கூட யாருக்கும் சும்மா கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவர், எவனோ சுவர் அகலத்துக்கு ஒரு டிவியைச் சும்மா தருகிறான் என்றதும் நம்பிவிட்டார். கம்பெனிக்காரனுக்குப் பைத்தியமா என்று நான் கேட்டேன். பதில் இல்லை.

பதில் இல்லாதது எனக்குப் பழகிப்போயிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சண்டை போட்டுத்தான் குடும்பம் நடத்தினோம். நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்வார். சாம்பாரில் உப்புக் குறைந்தால்கூட ஒரு மணி நேரம் பேசுவோம். ஆனால் கடந்த ஒரு வருஷமாக அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் பதில் வராது. பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது சொன்னால் "சரி சரி" என்பார், அதோடு முடிந்தது. இந்த மனுஷருக்கு நான் சலித்துவிட்டேன் என்று முடிவு கட்டிக்கொண்டேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் உள்ளுக்குள் ரொம்ப வலித்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவரிடம் எதையும் சொல்வதையே விட்டுவிட்டேன்.

டிவியைக் கொண்டுவந்து மாட்டியவர் பெயர் ராம்கி. மாட்டி முடித்ததும் விதிமுறைகளை மடமடவென்று ஒப்பித்தார்.

"அண்ணே, டிவி ஃப்ரீதான். ஆனா கீழ நீளமா இன்னொரு ஸ்கிரீன் இருக்கு பாருங்க, அதுல எப்பவும் விளம்பரம் ஓடும். அத மட்டும் தனியா நிறுத்த முடியாது."

"சரி சரி."

"மேல கேமரா இருக்கு. எத்தன பேரு உக்காந்து பாக்குறாங்கன்னு பாக்கும். மைக் இருக்கு, கேக்கும். என்ன படம் பாக்குறீங்க, ரிமோட்ல எத அமுக்குறீங்க, எல்லாமே கம்பெனிக்குப் போகும். எதையும் மூடி மறைக்கக் கூடாது. பிடிக்கலைன்னா சொல்லுங்க, கழட்டிட்டுப் போயிருவோம்."

"சரி சரி."

"அப்பா, கொஞ்சம் யோசிங்கப்பா" என்றாள் மகள் மீனலோசனி. அவள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். அவளுக்கும் அதே சரி சரிதான்.

ராம்கி போனபிறகு நான் அவர் முன்னால் போய் நின்றுகொண்டு ஒரு பாட்டம் கத்தினேன். வீட்டுக்குள்ளே கேமராவா, நாம் பேசுவதை எவனோ உட்கார்ந்து கேட்பானா என்று. அவர் சிரித்தார்.

"நாம பேசுறது அடுத்த வீட்டு முத்துத்தாய்க்கே முப்பது வருஷமாப் புரியல. இந்தப் பெட்டிக்கா புரியப்போகுது?"

இதற்கு நான் விளக்கம் சொல்ல வேண்டும். நாங்கள் சௌராஷ்டிரக்காரர்கள். முன்னோர் என்றைக்கோ குஜராத் பக்கமிருந்து வந்தவர்கள். மதுரைதான் ஊர், தமிழில்தான் படிப்பும் வியாபாரமும், ஆனால் வீட்டுக்குள் பேச எங்களுக்கென்று தனிப் பாஷை. இங்கே நாங்கள் பேசியதாக வருவதையெல்லாம் உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். அந்தப் பாஷையில் எங்கள் ஆட்களுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. எதிரே கொள்முதல்காரர் உட்கார்ந்திருக்கும்போதே அண்ணனும் தம்பியும் இன்னும் எவ்வளவு இறங்கலாம் என்று எங்கள் பாஷையில் பேசி முடித்துவிடுவார்கள். வந்தவர் காபி குடித்துக்கொண்டிருப்பார். பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், பிறர் வீட்டுக் கல்யாணத்தில் என்று எங்கேயும் நாங்கள் வாய் பொத்திப் பேசியது கிடையாது. எங்களுக்குப் பாஷையே கதவு, தாழ்ப்பாள் எல்லாம்.

ஆக, மைக்கைப் பற்றிக் கவலையில்லை. கேமராவுக்கு நான் ஒரு வழி செய்தேன். மெரூன் கலர் ஸ்டிக்கர் பொட்டில் கொஞ்சம் பெரிய சைஸாக எடுத்து அந்தக் கண்ணின் மேல் ஒட்டிவிட்டேன். 'கேமராவை மறைக்க வேண்டாம்' என்று கீழே எழுத்து வரும். உடனே எடுத்துவிடுவேன். எழுத்து போனதும் திரும்ப ஒட்டிவிடுவேன். பொட்டு வைத்தபிறகு டிவிகூடக் கொஞ்சம் லட்சணமாகத்தான் இருந்தது.

கீழே இருந்த அந்த நீளத் திரைக்கு நான் வைத்த பெயர் பார்டர். சேலைக்குப் பார்டர் மாதிரி படத்துக்கு அடியில் ஒட்டிக்கொண்டு ஓடும். அதைச் சோதிக்கவென்றே அதன் முன்னால் உட்கார்ந்து எங்கள் பாஷையில் ஊர்வம்பு எல்லாம் பேசினோம். யார் வீட்டில் சொத்துச் சண்டை, யாருடைய மகன் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டான் என்று ஒன்றையும் விடவில்லை. பார்டரில் குக்கரும் சோப்புத் தூளும்தான் வந்தன. ஜெயித்துவிட்டோம் என்று இருந்தோம்.

அப்புறம் ஒருநாள் பார்டரில் ஒரு மனிதர் வந்தார். நரைத்த மீசை, காதுக்குப் பின்னால் குவித்த கை. 'காது சரியாகக் கேட்கவில்லையா? இலவசப் பரிசோதனைக்கு இன்றே வாருங்கள், பைபாஸ் ரோடு.' அன்றைக்கு வந்தவர் பிறகு போகவே இல்லை. சீரியல் பார்த்தாலும் அவர், சமையல் பார்த்தாலும் அவர்.

எனக்கு வந்ததே கோபம். நான் கத்திப் பேசுவதை வைத்து என்னைத்தான் செவிடு என்று நினைத்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். பாஷை புரியாவிட்டால் என்ன, சத்தம் புரியும் அல்லவா? அதற்காக என் வீட்டு நடுக்கூடத்தில் வைத்து என்னையே மட்டம் தட்டுவதா?

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு உமேஷும் அவன் மனைவியும் கைத்தறி நகரிலிருந்து வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தோம். உமேஷ் கொஞ்சம் சிடுசிடுப்பாக இருந்தான். உசிலம்பட்டிக் கடைக்காரர் போனில் மெரூன் கேட்டாராம், அண்ணன் பச்சையை அனுப்பிவிட்டாராம். இது முதல் தடவையும் இல்லையாம். "அண்ணனுக்கு இப்பல்லாம் வியாபாரத்துல கவனமில்ல மதினி. பேசாம கல்லாவ நான் பாத்துக்கிறேன், அவரு வீட்டுல இருக்கட்டும்" என்று அடுப்படியில் வந்து என்னிடம் சொல்லியிருந்தான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வீட்டிலேயே கவனமில்லாதவருக்குக் கடையில் எங்கிருந்து வரும்?

பார்டரில் மீசைக்காரர் வந்தார். உமேஷ் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"அண்ணே, ஒங்க வீட்டு டிவி யாருக்கோ காது டமாரம்னு சொல்லுதே!"

எல்லோரும் சிரித்தோம். என் வீட்டுக்காரர் மட்டும் மேட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உமேஷின் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், அதற்குப் பிறகு சிரித்தார். "ஆமாமா, இந்த ஓவர்ல அவுட்டாயிருவான்" என்றார்.

ஒரு வருஷத்து சரி சரி எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. உமேஷ் சிரிப்பை நிறுத்திவிட்டு அண்ணனையே பார்த்தான். அவன் கண் பார்டருக்குப் போய்த் திரும்பியது. வியாபாரியின் கண், கணக்குப் போட அதற்கு நேரம் ஆகாது.

"எனக்குத்தான்" என்றேன்.

"என்ன மதினி?"

"காது எனக்குத்தான் மந்தம். சத்தத்தக் கூட்டிக் கூட்டி வைக்கிறது நான்தான். அதப் பாத்துட்டு அது விளம்பரம் போடுது. இதுல சிரிக்க என்ன இருக்கு?"

உமேஷ் முகம் சுருங்கிப் போய் மன்னிப்புக் கேட்டான். அவன் மனைவி அப்போதே என்னிடம் உரக்கப் பேசத் தொடங்கிவிட்டாள்.

அவர்கள் கிளம்பியதும் மகளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன். நம் பாஷை அதற்கு எப்படிப் புரிந்தது என்று கேட்டேன்.

"புரியவே இல்லம்மா. அது பேச்சக் கேட்டுக் கண்டுபிடிக்கல" என்றாள். "ரிமோட்ட வச்சுத்தான் கண்டுபிடிச்சிருக்கு. அப்பா பாக்குறப்ப மட்டும் சத்தம் ஏறிக்கிட்டே போகுது. தமிழ்ப் படத்துக்கே கீழ எழுத்து ஓட விடுறாரு. ராம்கி அன்னைக்கே சொன்னாருல்ல, எத அமுக்குனாலும் கம்பெனிக்குப் போகும்னு."

கண்ணுக்குப் பொட்டு வைத்தோம், காதுக்குப் பாஷையை வைத்தோம், ரிமோட்டை யோசிக்கவே இல்லை. எனக்கு அந்த டிவியின் மேல் அப்படி ஒரு ஆத்திரம். இத்தனை வருஷம் இந்த மனுஷரோடு குப்பை கொட்டியவள் நான். நேற்று வந்த பெட்டிக்கு என் புருஷனின் காது தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததையும் என்னிடம் சொல்லாமல் காது மெஷின் விற்கிறவனிடம் போய்ச் சொல்லியிருக்கிறது. அதே நேரத்தில், சொன்னால் சிரிப்பீர்கள், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. நான் அவருக்குச் சலித்துப்போகவில்லை.

டிவியை அணைத்துவிட்டு அவருக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"எப்பருந்து காது கேக்கல?"

முதலில் மழுப்பினார். பிறகு ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "போன தீபாவளிக்கு முந்தியே. உமேஷுக்குத் தெரிஞ்சா கல்லாவுல உக்கார விடமாட்டான்."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா, பாவம்னு நீ சண்டை போடுறத விட்டுருவ. ஏற்கனவே பாதி விட்டுட்ட."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே நன்றாகத் திட்டினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு முழுவதையும் வாங்கிக்கொண்டார்.

டாக்டரிடம் போனோம். பார்டரில் வந்த பைபாஸ் ரோட்டு இடத்துக்கு மட்டும் போகக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்ததால் வேறு இடம். காதில் மெஷினை வைத்துக்கொண்டு சிம்மக்கல் வழியாக ஆட்டோவில் திரும்பும்போது இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார். "நம்ம ஊரு இம்புட்டு சத்தமா?" என்று கேட்டுச் சிரித்தார்.

உமேஷிடம் அவரே போய்ச் சொன்னார். சொல்லவைத்தது அவன் மனைவிதான். போன் பண்ணும்போதெல்லாம் எனக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். அதைக் கேட்க அவருக்குப் பொறுக்கவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணே" என்று உமேஷ் கண் கலங்கினானாம். கல்லாவைப் பற்றி அதன்பிறகு பேச்சே எழவில்லை. மெரூன் கேட்டால் இப்போது மெரூன்தான் போகிறது.

டிவியின் சத்தம் இறங்கியது. அதையும் அது கவனித்திருக்கும் போல. மீசைக்காரர் போய்விட்டார், அவருக்குப் பதிலாகக் காது மெஷினுக்குப் பேட்டரி வந்தது, கைத்தடி வந்தது. கடைசியில் ஒருநாள் 'மன நிம்மதியான முதியோர் இல்லம்' வந்தது. அவருக்கு வயது ஐம்பத்து நாலுதான். உடனே ராம்கிக்குப் போன் போட்டுவிட்டார்.

கழற்ற வந்த ராம்கி, "ஏண்ணே, என்ன கஷ்டம்?" என்று கேட்டு, விதிமுறைகளை இன்னொரு தடவை ஒப்பித்தார். என் வீட்டுக்காரர் தலையைச் சாய்த்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் கண் பெரிதானது.

"என்னது, எத்தன பேருன்னு எண்ணுமா? ரிமோட்ல அமுக்குறது வேறயா? அம்புட்டும் கம்பெனிக்குப் போகுமா?"

"அன்னைக்கே சொன்னேன்லண்ணே. எல்லாத்துக்கும் சரி சரின்னீங்க."

"இம்புட்டுக்குமா நான் சரின்னு சொன்னேன்? அன்னைக்கு நீ சொன்னது ஒண்ணுகூட என் காதுல விழலைய்யா!"

"காது நல்லாக் கேக்குறவங்களும் சரி சரின்னுதாண்ணே சொல்றாங்க" என்றார் ராம்கி.

இதுவரை போனதையெல்லாம் திரும்ப வாங்க முடியுமா என்று நான் கேட்டேன். போனது போனதுதான் அக்கா என்றார். எங்கேயோ ஒரு ஊரில் என் புருஷனின் காது இன்னும் விற்பனைக்கு இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கசக்கிறது. டிவியைத் தூக்குமுன் அந்தப் பொட்டை மட்டும் உரித்தெடுத்து அலமாரிக் கண்ணாடியில் ஒட்டினேன்.

சாயங்காலம் கூடத்துச் சுவர் வெறுமையாக இருந்தது. அவர் அதன் எதிரே உட்கார்ந்து கடைக்கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டாலும் வரமாட்டார் என்ற ஒரு வருஷத்துப் பழக்கத்தில், கூப்பிடவில்லை. கல்லைப் பார்த்து வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன்.

"தோசை ஆறுது. இந்த மனுஷன் எப்ப எந்திரிச்சு வரப்போறாரோ."

"வாரேன் வாரேன். எதுக்கு இப்படிக் கத்துற?"

கையில் தோசைத் திருப்பியோடு அப்படியே நின்றுவிட்டேன். கல்லில் கிடந்த தோசை கருகியது.

"யாரு கத்துனா?" என்றேன், இன்னும் மெதுவாக.

"நீதான். தெருமுனை வரைக்கும் கேக்குது" என்றார் கூடத்திலிருந்து.

சண்டை சாப்பிட்டு முடிக்கும்வரை நடந்தது.