ஓடுதா, நின்னுடுச்சா?

பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறிமாறி ஓடும் அந்தப் பழைய ஹைபிரிட் காரை வீட்டுக்காரர் வாங்கி வந்ததிலிருந்தே தையல்காரிக்கு ஒரே குழப்பம். ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று காதுக்குத் தெரிவதேயில்லை.

அன்று தங்கைக்குப் பிரசவ வலி எடுக்க, பின்சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு கிளம்பினாள். முதல் சிக்னலிலேயே எஞ்சின் சத்தம் அடங்கிப்போனது.

"ஐயோ, நின்னுடுச்சுடி!" என்று பதறி ஸ்டார்ட் பட்டனை அமுக்கினாள். எரிந்துகொண்டிருந்த விளக்குகளும் அணைந்தன. மறுபடி அமுக்கினாள். விளக்கு வந்தது, சத்தம் வரவில்லை. பின்னால் ஹாரன்கள் காதைப் பிளந்தன. கைபேசியில் வீட்டுக்காரரைப் பிடித்தாள்.

"இனிமே எதையும் அமுக்காதே. கியரைப் போட்டு, பிரேக்கிலேருந்து காலை எடு."

"சத்தமே இல்லாத வண்டி எப்படிங்க போகும்?"

"அக்கா, காலை எடுத்துத் தொலை!" என்று தங்கை அலறினாள்.

எடுத்தாள். வண்டி ஓசையில்லாமல் நகர்ந்தது. அவளால் நம்பவே முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் சத்தமில்லாமல் நின்ற வண்டியை, பட்டனைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு, தங்கையைத் தாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

பெண் குழந்தை பிறந்தது. ஆனந்தத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது காவலாளி வந்தார்.

"வாசல்ல நிக்கிற கார் உங்களுதாம்மா? ஆளே இல்லாம எஞ்சின் தானா ஓடிட்டிருக்கு."

"ஓடுதா?" என்று அவள் திருதிருவென்று விழித்தாள். "நின்னுபோச்சுன்னுதானே விட்டுட்டு வந்தேன்!"