மேலே ஓர் ஆள்

அந்தப் பேய்ப் படத்தில் அவள் பேசுவது ஒரே ஒரு வரி. அதை மூன்று முறை சொல்கிறாள்.

"ஆராச்சும் இருக்கறீங்களா?"

மூடிய கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறாள். முதல் இரண்டு முறையும் மேலே வீட்டில் ஆட்கள் நடக்கிறார்கள், குழாயைத் திறக்கிறார்கள், டிவி பார்க்கிறார்கள். மூன்றாம் முறை கேட்கும்போது அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது. கிணற்றுச் சுவரைத் தட்டும் சத்தம் மட்டும். பிறகு திரை கறுப்பாகிவிடும்.

சென்னிமலை பதின்மூன்றாம் நாளாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சேலத்தில், செவ்வாய்ப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு தியேட்டர். பதினொரு மணிக் காட்சி. அவள் மூன்றாம் முறை கேட்டதும் சொன்னான்.

"இருக்கேனுங்க."

முன்வரிசையில் சிரித்தார்கள். "அண்ணா, எறங்கித் தூக்கி உடுங்க" என்றான் ஒருவன்.

சென்னிமலைக்கு நாற்பத்து மூன்று வயது. பதினாறு வயதில் கிணறு வெட்டப் போனான். பிறகு இருபது வருடம் போர்வெல் ரிக் வண்டியில், ராஜஸ்தான், ஒடிசா என்று. கம்ப்ரசர் சத்தம் வலது காதைத் தின்றுவிட்டது. இப்போது திருச்செங்கோட்டில் ஒற்றை அறை; படத்துக்குத் தினமும் அங்கிருந்து பஸ் ஏறி வந்தான். அவனிடம் கடைசியாகக் கேள்வி கேட்டவர் ஈ.பி.காரர். மீட்டர் பெட்டி எங்கே என்று கேட்டார்.

படத்தில் மற்றவர்கள் எல்லோரும் சென்னைக்காரர்கள்போலப் பேசினார்கள். அவள் மட்டும் 'ஆராச்சும்' என்றாள். அவனுடைய ஊர்ப் பேச்சு. முதல் நாள் அதைக் கேட்டபோது தன் பெயரைக் கூப்பிட்டதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தான்.

வெளியே டிக்கெட் கிழிக்கும் கஸ்பார் நின்றிருந்தார்.

"என்னப்பா, இன்னிக்காவது வெளிய வந்தாளா?"

"இல்லைங்க."

"நாளையோட படத்தத் தூக்கறாங்க. நீ ஒருத்தன் பாக்கறதுக்கு ஏசி போட முடியுமா?" சிரித்தார். அவன் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "அந்த வீடு சேந்தமங்கலம்ப்பா. எம் மச்சான் ஜெரால்டுதான் ஷூட்டிங்குக்கு ஜெனரேட்டர் ஓட்டுனான். வேணும்னா போய் ஒரு போட்டோ எடுத்துக்க."

"கெணறு?"

"கெணறு செட்டு. தெர்மாகோல்."

"தெர்மாகோலு அப்படிச் சத்தம் குடுக்காதுங்க. அது கல்லுக் கட்டடம். உள்ள காலி. மேல மூணடி மண்ணு."

கஸ்பார் கிழித்த டிக்கெட்டுகளைப் பையில் போட்டார். "ஒடம்பப் பாத்துக்கப்பா" என்றார்.

*

கொல்லிமலை வெயிலில் நீலப் புகைபோல நின்றது. ஓட்டு வீடு. ஒற்றை ஆள் குடியிருக்கும் வீடு என்று துணிக்கொடியிலேயே தெரிந்தது.

வீட்டுக்காரி ஜெயப்பிரியா துணியை உதறிக்கொண்டே அவன் சொன்னதைக் கேட்டாள். கோழிப்பண்ணை ஆபீசில் வேலை செய்பவள். அன்று ஞாயிறு.

"படம் பாத்துட்டு வந்த மொத ஆளு நீங்கதானுங்க" என்றாள். "நானே பாக்கலை. பாத்தா அப்பறம் இந்த ஊட்ல எப்படித் தூங்கறது?"

படத்தில் வரும் அறையின் ஒரு சுவர் மட்டும் நீலமாக இருந்தது. ஷூட்டிங்குக்குப் பூசியவர்கள் அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். அவன் அதைத் தொடவில்லை. பின்கட்டுக்குப் போனான். செருப்பைக் கழற்றினான். குதிகாலால் தரையை மிதித்து மிதித்து நடந்தான். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றான்.

"இங்க கெணறு இருந்துச்சுங்களா?"

"இல்லைங்க."

அவன் இன்னொரு முறை மிதித்தான். அடியில் காலியாக இருக்கும் சத்தம் அவளுக்கும் கேட்டது.

"இருந்துச்சுங்க" என்றாள். "எங்கப்பன் மூடிட்டாரு. பக்கத்துத் தோட்டத்துல ரிக் வண்டி வந்து போர் போட்டாங்க. ஒரே மாசத்துல தண்ணி அடியோட போயிருச்சு. சினிமாக்காரங்களுக்கு நான் சொல்லலை. உங்களுக்கு ஆரு சொன்னாங்க?"

தான் செய்த வேலை என்ன என்று அவன் சொல்லவில்லை.

"தொறந்து பாக்கலாமுங்களா?"

"வேண்டாமுங்க." அவள் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "கெளம்புங்க. பஸ் வந்துரும்."

*

படத்தைத் தூக்கிவிட்டார்கள். பதினொரு மணிக்கு அவனுக்குப் போக இடமில்லை. அறையில் உட்கார்ந்திருந்தான். புதன்கிழமை, தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக, விட்டு விட்டு. இடது காதைப் பொத்திப் பார்த்தான். நிற்கவில்லை. வலது காதில்தான் கேட்டது.

அடுத்த ஞாயிறு நடுப்பகலில் போனான். முன்வாசல் பூட்டியிருந்தது. பின்பக்கம் வேலிப் படலைத் தள்ளி உள்ளே போனான். பையில் கயிறும் கடப்பாரையும் இருந்தன.

துவைக்கிற கல் நகர்ந்தது. மண்ணை வாரினான். அடியில் பலகைக் கற்கள். ஒன்றை நெம்பி நகர்த்தியபோது உள்ளிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது.

மூடிய கிணற்றில் இறங்க இரண்டு விதிகள். முதலில் விளக்கை இறக்கிப் பார்க்க வேண்டும், காற்று கெட்டிருந்தால் அணையும். அப்புறம், மேலே ஓர் ஆள் இல்லாமல் இறங்கக் கூடாது. புதிதாக வேலைக்கு வந்த எல்லோருக்கும் அவன்தான் சொல்லிக் கொடுத்திருந்தான்.

கயிற்றை வேப்பமரத்தில் கட்டி இறங்கினான்.

இரண்டு ஆள் ஆழத்தில் கால் பட்டது. தென்னை மட்டை, உடைந்த ஓடு, மண். தாங்கியது. சுவரில் காதை வைத்தான். கல் ஈரமாக இருந்தது. கீழே எங்கோ அவள், படத்தில் வந்தவள், தட்டினாள். மூன்று முறை.

"இருக்கேனுங்க" என்றான். "நான் வந்துட்டேன்."

கயிற்றை விட்டுவிட்டு நடுவில் ஓர் அடி வைத்தான்.

மட்டைகள் மக்கிப் போயிருந்தன. தரை வழிந்தது, தானியம் வழிவதுபோல, அவசரமில்லாமல். வழிவது நின்றபோது மண் அவன் மார்பு வரை இருந்தது. கயிறு கைக்கு எட்டவில்லை. மூச்சை விடும்போதெல்லாம் ஒரு விரல்கடை இறங்கினான்.

மேலிருந்து ஒளி ஒரு துணிபோலத் தொங்கியது. அதில் தூசி சுற்றியது. இந்தக் காட்சியைப் பதினான்கு முறை பார்த்திருந்தான். இங்கே நின்றுதான் அவள் மேலே பார்ப்பாள். அவனுக்குப் பயமாக இல்லை. கண் சொருகியது.

மேலே பூட்டுத் திறக்கும் சத்தம். காலடிகள். குழாயில் தண்ணீர். பிறகு டிவி. யாரோ ஒருத்தி பாடினாள்.

கத்தலாம். மூச்சு இருந்தது. ஆனால் கத்தினால் கீழே இருப்பவள் பேசாமல் போய்விடுவாள். அவள் இன்னும் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. காத்திருந்தான். மண் தோளுக்கு வந்தது.

கரண்ட் போனது. டிவி நின்றது. வீடு அமைதியாகிவிட்டது.

மூன்றாம் முறை, என்று நினைத்தான். அவளுடைய குரலுக்காகக் காதைக் கொடுத்தான். அவள் கேட்கவில்லை. அவன் வாய்தான் திறந்தது.

"ஆராச்சும் இருக்கறீங்களா?"

மேலே ஒரு சாப்பாட்டுத் தட்டு தரையில் விழுந்தது. பிறகு ஓடி வரும் கால்கள். பலகைக் கல்லின் ஓரத்தில் ஒரு முகம் ஒளியை மறைத்தது.

"அய்யோ சாமி..." ஜெயப்பிரியா கிணற்றோரம் குப்புறப் படுத்தாள். "இருக்கேன், சாமி. நான் இருக்கேன். அசையாதீங்க."

"போயிராதீங்க."

"போகலைங்க. போன் கையிலதான் இருக்குது. பாருங்க, பேசறேன்." தீயணைப்பு நிலையத்துக்கு விலாசம் சொன்னாள். அவசரத்திலும் விலாசம் தப்பவில்லை. பிறகு கயிற்றை இழுத்து, அவன் கைப் பக்கம் வீசினாள். இரண்டாம் தடவை அவன் விரலில் மாட்டியது.

"பேரென்னங்க?"

"சென்னிமலை."

"கயித்த உடாதீங்க, சென்னிமலை. வண்டி கெளம்பிருச்சாம்." போனில் யாரோ எதையோ கேட்டார்கள். அவள் குனிந்தாள். "உள்ளார எத்தன பேருன்னு கேக்கறாங்க. உங்ககூட ஆராச்சும் இருக்கறாங்களா?"

அவன் காலுக்கடியில் கேட்டுப் பார்த்தான். கீழே இருந்தவள் தட்டிக்கொண்டிருந்தாள். மெதுவாக, விட்டு விட்டு.

மேலே அந்த முகம் காத்திருந்தது.

"இல்லைங்க" என்றான். "நான் ஒருத்தன்தான்."

தட்டும் சத்தம் நின்றது.