துரையின் வெட்டுக்கிளி

கார் வாங்க, தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் இக்னேசியஸுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

"ரெண்டே சீட்டு. மத்தவங்க எங்க உக்காருறது?" என்றார் பெரிய கிளாக்கர். மற்றவர்கள் என்று அவர் சொன்னது தன்னையும் தன் மனைவியையும்தான். மருந்துக்காரர் மழையைப் பற்றிக் கேட்டார். காரை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பும் வெள்ளைக்காரச் சின்னத்துரை, கிளாக்கருக்குக் கார் எதற்கு என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் விலையையும் சொன்னார். ஒரு நல்ல கறவைப் பசுவுக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் முடிவைச் சொல்ல வேண்டும்.

அது ரேஸ் கார். பச்சை நிறம், நீண்ட மூக்கு. தோட்டத்தார் வைத்த பெயர் வெட்டுக்கிளி. மேல்துணி கிழிந்திருந்தது. ஒரு கதவைக் கயிறுதான் பிடித்துக்கொண்டிருந்தது. பிரேக்கை இரண்டு முறை மிதித்தால் ஒரு முறை பிடிக்கும்.

காரணம் இதுதான். ஐந்து வருடத்துக்கு முன், மனைவி மார்கிரட்டுக்குப் பிரசவ வலி கண்ட இரவில், ஆஸ்பத்திரிக்குப் போக இருந்த ஒரே வண்டியான தோட்டத்து லொறி தேயிலை ஏற்றிக்கொண்டு இறங்கிப் போயிருந்தது. அது திரும்பி வந்தபோது அவளுக்கு லொறி தேவைப்படவில்லை. அவளை அடக்கம் செய்து, முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் மாமியார் அருளாயி பிறந்த குழந்தை டோரீனைப் பொகவந்தலாவைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். "ஒங்க வாசல்ல ஒரு வண்டி நிக்கிற அன்னிக்கு வந்து புள்ளயக் கூட்டிக்கங்க மாப்புள. அதுவரைக்கும் கேக்காதீங்க."

அவன் கேட்கவில்லை. டோரீனுக்கு ஐந்து வயதாகிவிட்டது.

மார்கிரட்டின் தம்பி சூசை ஹட்டனில் கராஜ் வேலைக்காரன். சனிக்கிழமை முழுக்கக் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தான்.

"எஞ்சின் தங்கம் மச்சான்."

"பிஸ்டன் தேஞ்சு போச்சுன்னு காலைலதான சொன்ன?"

"அது தேயும். எஞ்சின் தங்கம்."

ஞாயிறு காலை இருவரும் பொகவந்தலாவைக்குக் கிளம்பினார்கள். முதல் வளைவிலேயே எரிச்சல் ஆரம்பித்தது. காரின் சத்தம் கேட்டதும் சோலைமலைக் கங்காணி தண்ணீர் ஓடும் பாதையோரக் கானுக்குள் குதித்து, தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். துரையின் கார் வந்தால் பாதையில் யாரும் நிற்கக் கூடாது.

இக்னேசியஸ் நிறுத்தினான். இரண்டாவது மிதிக்குத்தான் நின்றது.

"அட, கிளாக்கரய்யாவா! தொரைன்னு நெனச்சு எறங்கிட்டேங்க. வேட்டியெல்லாம் சேறு."

"ஏறி வாங்க."

"எறங்குனது எறங்கிட்டேன். நீங்க போங்க, அப்பறமா ஏறிக்கிறேன்."

அடுத்த வளைவில் விறகுக்கட்டோடு அழகம்மாவும் இன்னும் சில பெண்களும் கானுக்குள் நின்றார்கள். ஆளைக் கண்டதும் அழகம்மா சத்தம் போட்டாள். "இன்னைக்கு எந்தக் கூத்துல தொரை வேசங்க? ரெண்டு கையிலயும் வெறகு, சலாமுக்குக் கை இல்ல!" மற்றவர்கள் சிரித்தார்கள். சூசை துரை மாதிரி இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான்.

"கையைக் கீழ போடு."

"குடுக்குற மரியாதய வேணாம்னா சொல்லுறது?"

தோட்டத்து எல்லை வரைக்கும் இதே கதைதான். ஆட்கள் இறங்குவதும், பிறகு திட்டுவதும். நான்தான் என்று கத்தலாம் என்று பார்த்தால் இந்தச் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. ஹட்டனுக்கு முன்னால் கார் நின்றது. நோர்வூட் தாண்டி மறுபடி நின்றது.

"எஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல மச்சான், எஞ்சின்..."

"எறங்கி உன் தங்கத்தைத் தள்ளு."

நடுராத்திரியில் காய்ச்சலோடு ஒரு குழந்தையை இதில் ஏற்றிக்கொண்டு போவதை இக்னேசியஸ் நினைத்துப் பார்த்தான். யார் தள்ளுவது? ஆனால் அவன் சம்பளத்துக்கு வேறு கார் கிடையாது. இதை வாங்காவிட்டால் பிள்ளையும் கிடையாது. காரைப் பார்க்கப் பார்க்க அவனுக்குக் கோபம்தான் வந்தது.

பொகவந்தலாவைத் தோட்டத்துக்குள் திரும்பியபோது பூசைக்குப் போன கூட்டம் திரும்பிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஓரம் ஒதுங்கினார்கள். ஒரு சிறுமி கிழவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கானுக்குள் இறங்கினாள். தண்ணீர் கணுக்கால் வரை இருந்தது. சிறுமி கைகளைக் கட்டி, தலை குனிந்து, மனப்பாடம் ஒப்பிக்கும் குரலில் சொன்னாள்.

"சலாங்க தொரை."

காரை அவன் நிறுத்தவில்லை. அதுவாகவே நின்றது.

"டோரீன்."

அவள் நிமிரவில்லை. கார் தாண்டிப் போகும்வரை நிமிரக் கூடாது.

"அடியே, பாருடி. ஒங்கப்பாடி," என்ற அருளாயி, அவன் பக்கம் திரும்பிச் சீறினாள். "மெதுவா வரப்படாதா மாப்புள? கெழவியக் கானுக்குள்ள எறக்கிட்டீங்களே!"

"இதை யாரு சொல்லிக் குடுத்தது?"

"எத?"

"சலாம்."

"இதுக்கு வாத்தியாரு வேற வைக்கணுமாக்கும்! எல்லாப் புள்ளயும் செய்யுது. செய்யலன்னா கங்காணி எங்க வாசல்ல வந்து நிப்பான்."

துரையைக் கண்டால் இக்னேசியஸும் தொப்பியைக் கழற்றுகிறவன்தான். அதில் அவனுக்கு ஒன்றும் தோன்றியதில்லை. இப்போது அவன் பிள்ளை அவனுக்கே சலாம் சொல்லிக்கொண்டு தண்ணீரில் நின்றது. கானுக்குள் இறங்கி அவளைத் தூக்கினான். அவள் கால் சப்பாத்திலிருந்து தண்ணீர் அவன் கால்சட்டையில் வழிந்தது.

"இவ துணிமணியக் கட்டிக் குடுங்க அத்தை. கூட்டிட்டுப் போறேன்."

"கார் வாங்கியாச்சா?"

"இல்ல. வாங்கப் போறதில்ல."

சூசை காரை விட்டுக் குதித்தான். "மச்சான்! சின்னத்தொரைக்குச் சாயங்காலம் பதில் சொல்லணுமே!"

"வேணாம்னு நீ சொல்லிடு. காரை ஓட்டிட்டுப் போ."

"தனியாவா? நின்னுச்சுன்னா யாரு தள்ளுறது?"

அருளாயி வழியை மறித்துக்கொண்டு நின்றாள். "ராத்திரில புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"தூக்கிட்டு ஓடுவேன்."

"ஆஸ்பத்திரிக்கு அம்புட்டுத் தூரமா?"

"அன்னிக்கு எல்லாரும் லொறிக்குக் காத்துக்கிட்டு இருந்தோம். இனி நான் எதுக்கும் காத்துக்கிட்டு இருக்கமாட்டேன்."

மாமியார் வழியை விட்டு விலகினாள். "சோறு திங்காமப் போகப்படாது," என்று சொல்லிவிட்டு தன் லயத்து வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தாள். போகிற வழியெல்லாம் வாய் ஓயவில்லை. ஆனால் துணியைக் கட்டினாள்.

மத்தியானம் பஸ் நிற்கும் இடத்தில் டோரீன் அழ ஆரம்பித்தாள்.

"தொரை காருல போவோம்."

"அது நம்ம கார் இல்ல."

"நீங்கதான ஓட்டுனீங்க?"

"ஓட்டிப் பார்த்தேன்."

"இன்னொருக்கா ஓட்டிப் பாருங்க."

பஸ் வந்தது. அவள் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவளை இடுப்பிலும் மூட்டையைத் தோளிலுமாக ஏற்றிக்கொண்டு அவன் உள்ளே போனான். அவள் காலால் உதைத்தாள். முன்சீட்டுப் பெண்ணின் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"ஏங்க, இந்தப் புள்ளய எங்கங்க கொண்டு போறீங்க?" என்றாள் கொண்டைக்காரி, சந்தேகத்தோடு.

"எங்க வீட்டுக்கு," என்றான் இக்னேசியஸ், கடைசிச் சீட்டு வரைக்கும் கேட்கும்படி.