இருபத்துமூன்று ஞாயிறுகள்

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று மாம்புரியில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். ஞாயிறு காலை ஆறரைப் பூசை முடிந்து, ஒன்பது மணிக்கு மறைக்கல்வி வகுப்புத் தொடங்குவதற்குள், ஏழு நோயாளிகள் வீட்டுக்கு நன்மை, அதுதான் நற்கருணை அப்பம், கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவளுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்? ஏழு வீடு, மணல் ஒழுங்கை, பழைய ஸ்கூட்டி. ஒருதரம் நிறுத்தினால் திரும்ப உதைத்து ஸ்டார்ட் பண்ணப் பத்து நிமிடம் போய்விடும். ஆகவே எந்த வீட்டிலும் நான் என்ஜினை நிறுத்துவதில்லை. அது படலையடியில் படபடத்துக்கொண்டு நிற்கும். உள்ளே போய் ஒரு செபம், "கிறிஸ்துவின் திருவுடல்", "ஆமென்", சிலுவை அடையாளம், அடுத்த வீடு. மூன்று வருடத்தில் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. பாதரே பூசையில் "எங்கட சுஜீவா டீச்சரைப் பாருங்கோ" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

ஏழாவது வீடு செபஸ்தியாம்பிள்ளை ஐயாவுடையது. சண்டைக் காலத்தில் முல்லைத்தீவிலிருந்து மனைவியோடு வந்து இங்கே குடியேறியவர். மனைவி செத்து நாலு வருடம், பிள்ளைகள் இல்லை. வள்ளம் இழுக்கும்போது விழுந்து இடுப்பு முறிந்த நாளிலிருந்து கட்டிலோடு கிடக்கிறார். பக்கத்து வீட்டு ஸக்கியாதான் சாப்பாடு கொடுத்து, உடுப்புத் தோய்த்துப் பார்த்துக்கொள்கிறாள். அவளும் தொண்ணூறில், வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, சிறு பிள்ளையாக மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்தவள்தான்.

அன்று அவள் படலையடியில் எனக்காகக் காத்து நின்றாள். முக்காட்டு நுனியால் ஒரு பால்மா டின்னைப் பிடித்திருந்தாள்.

"டீச்சர், கோவப்படாதீங்க. தலகாணி உறை மாத்தக்குள்ள இது விழுந்து தொறந்திட்டு. ஓங்கட கோயில் சாமான் எண்டு வெளங்கிச்சு. நான் கையால தொடல்ல, கடுதாசியாலதான் கூட்டி உள்ளுக்குப் போட்ட."

ஒரு கையால் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மூடியைத் திறந்தேன். உள்ளே மடித்த ஒரு வெள்ளைக் கைலேஞ்சி. லேஞ்சிக்குள் நன்மை. ஒன்றல்ல, இரண்டல்ல. சில மஞ்சள் பூத்திருந்தன, சில ஓரம் சுருண்டிருந்தன. எல்லாம் வாயில் நனைந்து, பிறகு எடுத்துக் காயவைத்தவை.

"என்ர சேசுவே!"

கை ஹாண்டிலை விட்டுவிட்டது. ஸ்கூட்டி மணலில் சாய்ந்து விழுந்து என்ஜின் நின்றுவிட்டது. அதைத் தூக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

எங்களுக்கு அது வெறும் அப்பமல்ல, ஆண்டவரேதான். முதல் நன்மைக்குப் பழக்கும் பிள்ளைகளிடம் பல்லில்கூடப் படக்கூடாது என்று பிரம்பைக் காட்டிச் சொல்கிறவள் நான். இந்த மனுசன் ஆண்டவரை வாயிலிருந்து எடுத்து டின்னில் போட்டுத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார்! எதற்கு? சூனியக்காரர்கள் இதைத் தேடித் திரிவார்கள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். பாதரிடம் சொன்னால் இந்த வீட்டுக்கு இனி நன்மை வராது. வரக்கூடாது, நானே சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தேன்.

ஐயா வழக்கம்போலத் தயாராக இருந்தார். சேர்ட்டுக்குக் கழுத்துவரை பொத்தான், தண்ணீர் தொட்டு வாரிய தலை, ஸ்டூலில் பாடுபட்ட சுரூபச் சிலுவையும் மெழுகுதிரியும். என் கையில் டின்னைக் கண்டதும் முகம் செத்துப்போயிற்று.

"இது என்ன வேலை ஐயா? ஆருக்குச் சேர்த்து வச்சிருக்கிறீங்கள்? ஆண்டவரோட விளையாட்டோ? உங்களுக்குப் பயமில்லையா?" வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அதையெல்லாம் இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

அவர் நான் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருபத்திமூண்டு இருக்கும் பிள்ளை. எண்ணிப் பாருங்கோ. ஒண்டையும் நான் எறியேல்லை." குரல் காற்றாக வந்தது.

"ஏன் விழுங்கேல்லை?"

பதில் வாசலிலிருந்து வந்தது. "விழுங்க ஏலாதே டீச்சர்" என்றாள் ஸக்கியா.

"என்ன?"

"பாண் துண்டத் தேத்தண்ணில தோச்சிக் குடுத்தும் எறங்கல்ல. பொறகு கஞ்சி குடுத்த. இப்ப ரெண்டு கெழமையா வெறும் கஞ்சித் தண்ணி, அதுவும் கரண்டி கரண்டியா. ஓங்களுக்குத் தெரியும் எண்டுதானே நான் நெனச்ச. கெழமைக்குக் கெழமை வாறீங்களே."

நான் ஐயாவைப் பார்த்தேன். கழுத்துப் பொத்தானுக்கும் கழுத்துக்கும் இடையில் ஒரு கை போகும். கன்னம் ஒட்டி, தோள் எலும்பு சேர்ட்டைக் குத்திக்கொண்டு நின்றது. எப்போது இப்படி ஆனார்? கிழமைக்கு ஒருதரம் இந்த மனுசனின் நாக்கை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன்.

"எனக்கு ஏன் ஐயா சொல்லேல்லை?"

"சொன்னனான் பிள்ளை." குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. "அஞ்சாறு மாசத்துக்கு முந்தி, கச்சான் காத்துத் தொடங்கின நேரம். தொண்டையில ஏதோ அடைக்குது எண்டன். நீங்கள் வாசல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு, விழுங்க ஏலாட்டி நன்மை கொண்டுவரக் கூடாது ஐயா, அதுதான் சட்டம் எண்டு சொல்லிப்போட்டுப் போனீங்கள். பிறகு நான் கதைக்கேல்லை."

எனக்கு அது ஞாபகமே இல்லை. தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்தும் வரவில்லை. ஆனால் அந்தப் பேச்சு என்னுடையதுதான். இந்த ஊரில் அப்படிப் பேச வேறு ஒருத்தியும் இல்லை.

"ஆஸ்பத்திரிக்காவது போயிருக்கலாமே!"

"எத்தின தரம் கூப்பிட்ட" என்றாள் ஸக்கியா. "புத்தளத்துக்குப் போனா வார்ட்டில வெச்சிடுவாங்களாம், ஞாயித்துக்கிழம டீச்சர் வந்து பாத்திட்டுத் திரும்பிப் போயிடுவாவாம். அதால வரமாட்டாராம்."

"நீங்கள் வராட்டி என்ர கோயிலில இருந்து எனக்கு வேற ஆர் பிள்ளை?" என்றார் ஐயா.

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

நோயாளிகளுக்கு நன்மை கொடுக்கச் சிலாபத்தில் மூன்று நாள் பயிற்சி எடுத்தவள் நான். சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். விழுங்க முடியாத நோயாளிக்கு நன்மையில் ஒரு துணிக்கை போதும், கரண்டித் தண்ணீரில் வைத்துக் கொடுக்கலாம் என்று அங்கே சொல்லித் தந்ததைச் சிவப்பு மையால் கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஐயோ, ஒரு கரண்டித் தண்ணீர்! இவ்வளவுக்கும் அது போதுமாயிருந்தது!

"ஸக்கியா, ஒரு கரண்டியும் கொஞ்சம் ஆறின தண்ணியும் கொண்டா."

அவள் தயங்கினாள். "எங்கட ஊட்டுக் கரண்டி பரவாயில்லையா டீச்சர்?"

"உன்ர கரண்டியாலதானே இவர் இன்னும் உயிரோட இருக்கிறார். கெதியாக் கொண்டா."

கழுத்தில் தொங்கிய சிமிழில் அன்றைக்குரிய கடைசி நன்மை இருந்தது. அரை அரிசி அளவில் ஒரு துணிக்கையைக் கிள்ளிக் கரண்டித் தண்ணீரில் வைத்தேன். மீதியை நான் உட்கொண்டேன். "கிறிஸ்துவின் திருவுடல்" என்று சொல்லிக் கரண்டியை நீட்டினேன். ஐயா ஆமென் சொல்லி வாயைத் திறந்தார்.

இம்முறை நான் எழும்பவில்லை. அவருடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது, நின்றது, கண்ணில் தண்ணீர் முட்டியது, மறுபடி ஏறியது. செபமாலையில் பத்து மணி சொல்லி முடிகிற நேரம் எடுத்தது. பிறகு இறங்கியது. ஐயா கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்கட ஸ்கூட்டிச் சத்தம் கேக்கேல்லையே பிள்ளை" என்றார் கண்ணைத் திறந்து.

"நிண்டுபோச்சு ஐயா."

அன்று மறைக்கல்வி வகுப்பு நடக்கவில்லை. ஞாயிறு வார்ட்டுக்கே வருவேன் என்றதும் ஐயா ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்தார்; ஸக்கியாவின் தம்பி சியாம் ஓட்டோவைக் கொண்டுவந்தான். போகிற வழியில் கோயிலடியில் இறங்கி, டின்னைப் பாதரின் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பாலாவிச் சந்தி தாண்டும்வரை ஐயாவின் தலை என் தோளில் கிடந்தது. ஒரு குழந்தையின் பாரம்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"எவ்வளவு நாளா விழுங்க ஏலாது?"

"இருபத்திமூண்டு கிழமை" என்றேன்.

"இருபத்திமூண்டு கிழமையா? இவரை ஒருத்தரும் வந்து பாக்கிறதில்லையா?"

ஐயாதான் என் கையைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார்.

"ஏன் இல்லை டொக்டர்? இந்தப் பிள்ளை ஒரு ஞாயிறும் தவறாமல் வந்து பாக்கிறவ."